முன்சக்கரத்தில் 'டொக்' சத்தம்: ஸ்டீரிங் ரேக்கையே மாற்றத்தான் வேண்டுமா?

ஒற்றியூர் ஆசிரியை எழுதியது:

வணக்கம். திருவொற்றியூர் தேரடிக்கு அருகில் வசிக்கிறேன். மணலியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என்னுடையது 2013ஆம் ஆண்டு வாங்கிய சிறிய பெட்ரோல் கார். இதுவரை 1,08,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இணைந்த) அமைப்பும், மின்மோட்டார் உதவியுடன் இயங்கும் பவர் ஸ்டீரிங்கும் உள்ளன.

இரண்டு மாதங்களாக முன்பக்கத்தின் இடது புறத்திலிருந்து 'டொக் டொக்' என்று ஒரு சத்தம் வருகிறது. கன்டெய்னர் லாரிகள் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த சாலையில், 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து செல்லும்போதுதான் அது அதிகமாகக் கேட்கிறது. வேகத்தடையில் இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கினால் சத்தமே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கி ஏறினால் உடனே கேட்கிறது. இது பயன்படுமா என்று தெரியவில்லை, ஆனாலும் பலமுறை கவனித்து உறுதி செய்துகொண்டதால் சொல்கிறேன்.

இதைத் தவிர இன்னும் இரண்டு குறைகள் உள்ளன. வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது வண்டி ஒரே நேர்கோட்டில் நிற்பதில்லை. ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. முன்புற வலது டயரின் உள்விளிம்பு மற்ற இடங்களைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கிறது.

ஒரு பட்டறையில் இடது முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆட்டிப் பார்த்துவிட்டு, "மூட்டுகளில் ஆட்டம் எதுவும் இல்லை, எனவே ரேக்தான் போயிருக்க வேண்டும், முழுதாக மாற்றிவிடலாம்" என்றார்கள். (ரேக் என்பது ஸ்டீரிங்கின் திருப்பத்தை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பற்சட்டம்.) இன்னொரு பட்டறையில் வண்டியின் மூக்கை இரண்டு முறை அழுத்திப் பார்த்து, முன்புற ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். இரண்டுமே பெரிய செலவு. எது உண்மை என்று தெரியாமல் எதற்கும் பணம் கட்ட மனம் வரவில்லை. எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்பதை நானும் என் தம்பியும் வீட்டு வாசலிலேயே சோதித்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா? அதுவரை அம்மாவை இந்த வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாமா?


ஸ்பேனர் 14 எழுதிய பதில்:

வணக்கம் சகோதரி. நான் கொடுங்கையூரில் பட்டறை வைத்திருக்கிறேன். பயன்படுமா என்று தயங்கி நீங்கள் எழுதிய அந்த வரிதான் உங்கள் கேள்வியிலேயே மிக முக்கியமானது.

முன்சக்கரங்கள் இரண்டையும் இணைத்தபடி வண்டியின் குறுக்கே ஸ்டெபிலைசர் பார் என்ற வளைந்த கம்பி ஓடுகிறது. திருப்பங்களில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் தடுப்பது அதன் வேலை. இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறினால் அந்தக் கம்பி தன்னைத் தாங்கும் ரப்பர் புஷ்களுக்குள் புரளுமே தவிர முறுக்கேறாது. ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போதுதான் அது முறுக்கேறுகிறது. அந்த விசை முழுவதும் கம்பியின் இரு முனைகளிலும் உள்ள லிங்க் ராட் வழியாகச் செல்கிறது. லிங்க் ராடின் முனைகளில் உள்ள சிறிய குண்டு மூட்டுகள் தேய்ந்து தளர்ந்திருந்தால், மெதுவாகச் செல்லும்போது நீங்கள் சொல்வது போலவே 'டொக் டொக்' என்று தட்டும். ஆகவே உங்கள் சத்தத்துக்கு என் முதல் சந்தேகம் இடது லிங்க் ராடின் மேல்தான்.

அப்படியானால் பட்டறையில் ஏன் ஆட்டம் தெரியவில்லை? ஒரு பக்கத்தை மட்டும் தூக்கியதுதான் காரணமாக இருக்கும். ஒரு சக்கரம் தொங்க, மற்றது தரையில் நிற்கும்போது கம்பி முறுக்கேறிய நிலையில் லிங்க் ராடை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. தளர்ந்த மூட்டும் இறுகியது போலவே இருக்கும். இரண்டு சக்கரங்களும் தரையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும். அந்த நிலையில் லிங்க் ராடைக் கையால் பிடித்துக் குலுக்கினால் தளர்ச்சி விரலுக்குத் தெரியும். ஸ்டீரிங்கை ஒரு பக்கமாக முழுதும் திருப்பி வைத்தால், சக்கரத்தைக் கழற்றாமலேயே பல வண்டிகளில் அங்கே கை போகும்.

ஆனால் இதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். லிங்க் ராட் முறிந்தால்கூட வண்டி திருப்பத்தில் கூடுதலாகச் சாயுமே ஒழிய, சக்கரம் கட்டுப்பாட்டை விட்டுப் போகாது. வண்டி அலைவதும் டயரின் உள்விளிம்பு தேய்வதும் அந்தச் சத்தத்தோடு தொடர்பில்லாத வேறொரு கோளாறாக இருக்கலாம். என் அனுபவத்தில், சத்தமிடும் பாகத்தை எல்லோரும் தேடிப் போகிறார்கள். சத்தமே இல்லாமல் தேயும் பாகத்தை யாரும் தேடுவதில்லை. ஸ்டீரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் வெளி மூட்டான டை ராட் எண்டும், சக்கரத்தின் அடிப்பகுதியைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் முனையிலுள்ள பால் ஜாயின்ட்டும் அப்படிப்பட்டவை. டை ராட் எண்ட் கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டீரிங்குக்குக் கட்டுப்படாது. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரத்தின் அடிப்பகுதி பிடிப்பை இழந்து, சக்கரம் மடங்கிவிடும். அதனால் வலது பக்கத்தையும் சோதியுங்கள்.

முதலில் பாதுகாப்பு. காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பிக் காருக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டக் கூடாது. ஜாக்கி ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்கியோ இரவல் பெற்றோ வைத்துக்கொள்ளுங்கள். கை பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை கொடுங்கள். உங்கள் பகுதியில் பல தெருக்கள் மணற்பாங்கானவை என்பதால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை போடுவது அவசியம்.

சக்கரம் தரையை விட்டு எழுந்ததும், டயரின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் பிடித்து, ஒரு கையால் தள்ளும்போது மறு கையால் இழுத்துச் சிறிதாக ஆட்டுங்கள். தம்பியை உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங்கை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லையென்றால் சக்கரம் இயல்பாகத் திரும்புவதையே ஆட்டம் என்று தவறாக நினைத்துவிடுவீர்கள். 'டக்' என்று ஒரு சிறு தட்டல் கையில் உணரப்பட்டால் டை ராட் எண்டையோ அதே கம்பியின் உள் மூட்டான ரேக் எண்டையோ சந்தேகிக்க வேண்டும். எது என்று பிரிக்க, ஒருவர் ஆட்டும்போது மற்றொருவர் வெளி மூட்டின் மேல் விரல் வைத்துப் பார்க்கலாம். ரேக் எண்ட் ரப்பர் உறைக்குள் மறைந்திருப்பதால், உறையை மென்மையாக அழுத்தி உள்ளே மூட்டு தட்டுகிறதா என்று உணர வேண்டும்.

அடுத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், தம்பியைக் கால் பிரேக்கை நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். பிரேக் அழுத்தியதும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங் தளர்ந்திருக்கிறது. பிரேக் அழுத்திய பிறகும் அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட்டையும் ஸ்ட்ரட்டை வண்டியின் உடலோடு இணைக்கும் மேல் மவுண்டையும் பார்க்க வேண்டும். டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து மெல்ல நெம்பி, லோயர் ஆர்முக்கும் ஸ்டீரிங் நக்கிளுக்கும் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) இடையே இடைவெளி விரிந்து சுருங்குகிறதா என்று கவனித்தால் பால் ஜாயின்ட்டின் நிலை தெளிவாகும்.

நான் மிகவும் நம்பும் சோதனை இதற்கெல்லாம் பிறகு, நான்கு சக்கரங்களும் தரையில் இருக்கும்போது செய்வது. இன்ஜினை இயக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கைப் போட்டு, ஒருவர் ஸ்டீரிங்கை ஒரு கையகலம் இடமும் வலமுமாக விரைவாக ஆட்ட வேண்டும். மற்றவர் வெளியே குனிந்து ஒவ்வொரு மூட்டையும் பார்த்து, தொட்டு, கேட்க வேண்டும். வண்டியின் முழு எடையும் டயர்களின் மேல் இருப்பதால், கையால் ஆட்டியபோது தெரியாத தளர்ச்சிகூட இதில் தெரிந்துவிடும். அப்போதே ஸ்டீரிங் வளையம் சக்கரத்தை அசைக்காமல் எவ்வளவு தூரம் வெறுமனே திரும்புகிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். பல கார்களின் கையேடுகள் 30 மி.மீ. வரை அனுமதிக்கின்றன; முன்பு இல்லாத அளவுக்கு அது கூடியிருப்பதும் ஓர் அறிகுறியே.

ஷாக் அப்சார்பரைப் பொறுத்தவரை, மூக்கை அழுத்திப் பார்ப்பது முழுதாகச் செத்துப்போன ஒன்றை மட்டுமே காட்டும். அதன் உடலில் எண்ணெய் வழிந்து தூசி ஒட்டிக் கறுத்திருக்கிறதா, டயரில் விட்டுவிட்டுக் குழி விழுந்த தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். இலேசான ஈரப்பசை மட்டும் இருந்தால் மாற்ற வேண்டியதில்லை. நின்ற இடத்தில் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டங்' என்று துள்ளினால் மேல் மவுண்ட் பேரிங். பிரேக் போடும்போதும் கிளம்பும்போதும் ஒரே ஒரு முறை தட்டினால் லோயர் ஆர்ம் புஷ். முழுதாகத் திருப்பிக்கொண்டு ஓட்டும்போது 'டக் டக் டக்' என்று வேகத்துக்கேற்பத் தொடர்ந்தால் அது சஸ்பென்ஷனே அல்ல, இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்ஸிலின் சி.வி. ஜாயின்ட்.

ரேக்கைக் கடைசியில் சந்தேகியுங்கள். மேற்சொன்ன எதிலும் ஆட்டம் இல்லை, ஆனால் மெதுவாகத் திருப்பும்போது தட்டல் ஸ்டீரிங் வளையம் வழியாகக் கையில் ஏறுகிறது என்றால், அப்போதும் முதலில் ஸ்டீரிங் தண்டிலுள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் ரேக்குக்குப் போக வேண்டும்.


மாதவரம் சக்கரம் எழுதிய பதில்:

நான் வீல் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வேலை செய்பவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியதை மட்டும் சேர்க்கிறேன்.

டயர் எழுதி வைத்திருப்பதைப் படித்தால் பாதி வேலை முடிந்துவிடும். வண்டி நின்ற நிலையில், வலது முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஒரு முறையும், வெளியிலிருந்து உட்பக்கமாக ஒரு முறையும் தடவிப் பாருங்கள். டயரில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் கை கிழிந்துவிடும், எனவே முதலில் கண்ணால் பார்த்துவிட்டுத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் டோ அளவு மாறியிருக்கிறது, அதாவது சக்கரம் நேரே உருளாமல் சற்றுப் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே உருள்கிறது என்று பொருள். அந்தப் பல் இல்லாமல் உள்விளிம்பு மட்டும் வழவழப்பாகச் சாய்ந்து தேய்ந்திருந்தால் கேம்பர் கோணத்தை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவைப் பார்க்க வேண்டும். பெரிய பள்ளத்தில் அடிபட்டு ஆர்மோ ஸ்ட்ரட்டோ வளைந்த வண்டிகளில் அப்படி வரும். இரு விளிம்புகளும் சமமாகத் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி; இவற்றுக்கும் மூட்டுகளுக்கும் தொடர்பில்லை.

டோ அளவு சாதாரணமாக மாறியிருந்தால் தேய்மானம் இரண்டு முன் டயர்களிலும் தெரியும், ஏனென்றால் ஓடும்போது ஸ்டீரிங் அந்தப் பிழையை இரு சக்கரங்களுக்கும் பங்கிட்டுவிடுகிறது. ஒரே டயரில் மட்டும் பல் இருந்தால், அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மூட்டில் தளர்ச்சி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சக்கரம் ஓடும்போது தன் இஷ்டத்துக்குச் சிறிது திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அதிவேகத்தில் வண்டி அலைவதும் இதோடு பொருந்துகிறது.

இன்னொன்று. "அலைன்மெண்ட் செய்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். தளர்ந்த மூட்டோடு வரும் வண்டியில், திரையில் பச்சை நிறம் வந்த பிறகு சக்கரத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டினாலே எண்கள் மாறிவிடும். அப்படிச் செய்த அலைன்மெண்ட் கடை வாசலைத் தாண்டுவதற்குள் கலைந்துவிடும். மூட்டுகளைச் சரி செய்த பிறகு மட்டுமே அதற்குப் பணம் கொடுங்கள்.

டயரின் வரிப்பள்ளங்களின் ஆழம் 1.6 மி.மீ. ஆகத் தேய்ந்துவிட்டதைக் காட்ட அவற்றுக்குள் சிறு மேடுகள் வைத்திருப்பார்கள். உங்கள் டயரின் உள்விளிம்பு அந்த மேட்டோடு சமமாகிவிட்டதென்றால், வெளிப்பக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த டயரை மாற்றித்தான் ஆக வேண்டும். உள்விளிம்பு நின்ற நிலையில் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பி வைத்துப் பாருங்கள்.


ராயபுரம் பழையவர் எழுதிய பதில்:

அம்மா, நான் நாற்பது ஆண்டுகள் கனரக வண்டிகளிலும் கார்களிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பிகள் இருவரும் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆட்டம் வருவதற்கு முன்பே மூட்டின் ஆயுளைச் சொல்லிவிடும் ஒரு பொருளைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்: மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை.

டை ராட் எண்டும் பால் ஜாயின்ட்டும் உள்ளே கிரீஸில் மிதக்கும் ஓர் இரும்புக் குண்டு. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் அந்தக் கிரீஸ் தொழிற்சாலையில் ஒரே ஒரு முறை அடைக்கப்பட்டு மூடப்படுகிறது. பழைய வண்டிகளில் இருந்தது போலக் கிரீஸ் கன் வைத்து அடிக்க நிப்பிள் இருப்பதில்லை. ஆகவே உறை கிழிந்த நாளில் மூட்டின் ஆயுள் எண்ணப்படத் தொடங்குகிறது. மழைநீர் உள்ளே போய்க் கிரீஸை வெளியேற்றும், மணல் புகுந்து அரைக்கும், துரு பிடிக்கும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரம் நிற்கும் வண்டிகளில், காற்றோடு வரும் உப்பு அந்தத் துருவை இன்னும் வேகப்படுத்துகிறது. உள்நாட்டில் ஓடிய வண்டியையும் நம் பக்கத்து வண்டியையும் அருகருகே தூக்கிப் பார்த்திருக்கிறேன். கிலோமீட்டர் ஒன்றாக இருந்தாலும் அடிப்பகுதியின் வயது ஒன்றாக இருப்பதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த நீர் எர்ணாவூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் வண்டி அந்த நீரில் நின்றதா என்று நீங்கள் எழுதவில்லை. நின்றிருந்தால் ரப்பர் பாகங்கள் அனைத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இயற்கை ரப்பரில் செய்த புஷ்கள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி, உப்பி, மென்மையாகிவிடும். சில மாதங்களில் அதைச் சுற்றியுள்ள இரும்பை விட்டுப் பிரியும். லோயர் ஆர்ம் புஷ்ஷின் மேற்பரப்பில் முடிபோல் விரிசல் இருந்தால் அது வயதின் அடையாளம் மட்டுமே. நெம்பிப் பார்க்கும்போது ரப்பர் இரும்பிலிருந்து விலகி வாய் திறந்தால் அதை மாற்ற வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியின் வீல் பேரிங்கும் சில காலம் கழித்து ரீங்காரமிடத் தொடங்கும். வேகத்தோடு கூடும் அந்த ஓசை, வலது பக்கம் வளைத்து ஓட்டும்போது அதிகமானால் எடை ஏறுகிற இடது பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். ஸ்பேனர் தம்பி சொன்ன முறை உங்களுடையது போன்ற ஸ்ட்ரட் வண்டிக்குச் சரி. ஆனால் லோயர் ஆர்மின் மேலேயே ஸ்பிரிங் உட்காரும் ஜீப் வகை வண்டிகளில் சட்டத்துக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால், ஸ்பிரிங் ஆர்மைக் கீழே அழுத்திப் பால் ஜாயின்ட்டை இறுக்கி வைத்துவிடும். அதில் ஆட்டம் தெரியாது. அவற்றில் ஆர்முக்கு அடியிலேயே தாங்கு கொடுத்துத் தூக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு வேறு யாராவது தங்கள் வண்டியில் சோதிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

பாகம் மாற்றும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை உண்டு. பழைய டை ராட் எண்டைக் கழற்றும் முன் எத்தனை மறை (திருகு வரி) வெளியே தெரிகிறது என்று எண்ணி, புதியதையும் அதே அளவில் ஏற்ற வேண்டும். அப்போதுதான் அலைன்மெண்ட் கடை வரை வண்டி ஓரளவு நேராகப் போகும். கழற்றிய நைலான் நட்டையும், நட் கழலாமல் பூட்டும் காட்டர் பின்னையும் மறுபடி பயன்படுத்தவே கூடாது. லோயர் ஆர்ம் மாற்றினால் புஷ்ஷின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுதியாக முறுக்கிவிடுவது பலரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கேறிய நிலையிலேயே இருந்து, விரைவில் கிழியும். எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு.

புதுப்பேட்டையில் பழைய கதவோ கண்ணாடியோ வாங்குவதில் தவறில்லை. டை ராட் எண்டையும் பால் ஜாயின்ட்டையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பழையதாக வாங்காதீர்கள். அதன் உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அம்மாவை அழைத்துச் செல்லும் கேள்விக்கு என் பதில்: இந்தச் சோதனை முடியும் வரை வேண்டாம். ஆட்டோவில் போங்கள்.


ஒற்றியூர் ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் தம்பியும் காலை முழுவதும் செலவிட்டு, நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தோம். ஜாக்கி ஸ்டாண்டைப் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடமிருந்து வாங்கி வந்தோம். தாம் தொழில் செய்யும் பொருளை இரவல் கொடுத்ததோடு, கடைசி ஒரு மணி நேரம் அவரும் வந்து உடன் இருந்தார்.

முதலில் வண்டி தரையில் இருக்கும்போதே லிங்க் ராடுகளைக் குலுக்கினோம். வலது பக்கம் அசையவில்லை. இடது பக்கத்தின் மேல் மூட்டு விரலால் தொட்டதும் லொடலொடவென்று ஆடியது; இரண்டு மாதமாக என்னைத் துரத்திய அதே சத்தம். அதன் பிறகு இடது சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு மறுபடி குலுக்கினோம். ஆட்டம் மறைந்துவிட்டது. பட்டறையில் அவர்கள் கண்டது பொய்யல்ல, பார்த்த விதம்தான் பிழை என்று அப்போது புரிந்தது.

வலது பக்கத்தில் நாங்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை. டயரைத் தடவியபோது உள்ளிருந்து வெளியே வழவழப்பாகவும், திருப்பித் தடவினால் சொரசொரப்பாகவும் இருந்தது. இடது டயரில் அப்படி இல்லை. சக்கரத்தைத் தூக்கி இரு ஓரங்களையும் பிடித்து ஆட்டியபோது ஒரு சிறு தட்டல் இருந்ததா இல்லையா என்று எங்களுக்குள் வாக்குவாதமே வந்தது. தரையில் இறக்கி, தம்பி ஸ்டீரிங்கை ஆட்ட, நான் டை ராட் எண்டின் மேல் விரலை வைத்தேன். கம்பி நகர்ந்த பிறகு ஒரு கணம் தாமதித்தே நக்கிள் நகர்ந்தது. உறையின் பின்புறம், நேராகப் பார்த்தால் தெரியாத இடத்தில், அரை வட்டமாகக் கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ் இல்லை, செம்மண் நிறத்தில் துருப்பொடிதான் இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாள்கூட எனக்குச் சத்தம் கேட்டதில்லை. இதோடுதான் வெளிவட்டச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில், பின்னிருக்கையில் அம்மாவை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன் என்று நினைக்கும்போது கை நடுங்குகிறது.

பால் ஜாயின்ட்டுகள் இரண்டிலும் ஆட்டமில்லை, உறைகள் முழுதாக உள்ளன. பிரேக்கை அழுத்தியும் அழுத்தாமலும் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்ததில் வீல் பேரிங்கும் நன்றாக இருக்கிறது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை. லோயர் ஆர்மின் பின்புற புஷ்களில் மெல்லிய விரிசல்கள் உள்ளன. நெம்பிப் பார்த்ததில் ரப்பர் எங்கும் பிரியவில்லை. பெரியவர் கேட்டதற்குப் பதில்: புயலின்போது வண்டி மேட்டில் நின்றது, வெள்ளநீர் படவில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகளாகக் கடற்கரையிலிருந்து நான்காவது தெருவில் கூரையில்லாமல்தான் நிற்கிறது.

இப்போது இரண்டு கேள்விகள் மட்டும் மிச்சம். வலது டை ராட் எண்டை மாற்றும்போது, ஆட்டமில்லாத இடது பக்கத்தையும் சேர்த்து மாற்ற வேண்டுமா? பட்டறை ஒன்றரை கி.மீ. தொலைவில் இருக்கிறது, அதுவரை ஓட்டிச் செல்லலாமா?


ஸ்பேனர் 14 எழுதிய பதில்:

சகோதரி, நீங்கள் செய்த அளவுக்கு முறையாகச் சோதித்துவிட்டு வரும் வாடிக்கையாளர்கள் மிகக் குறைவு.

லிங்க் ராடை இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். விலை குறைவு, ஒரு பக்கம் போனால் மறு பக்கம் அதிக நாள் தாங்காது. டை ராட் எண்ட் அப்படியல்ல. இடது பக்கத்து உறை முழுதாக இருந்து, தரையில் ஆட்டும்போதும் தாமதம் இல்லாவிட்டால் மாற்றக் கட்டாயமில்லை. ஆனால் ஒரு நியாயமான காரணம் உண்டு: ஒரு பக்கத்தை மாற்றினாலும் அலைன்மெண்டுக்கு முழுப் பணம்தான். ஆறு மாதத்தில் மறு பக்கமும் தளர்ந்தால் அதே செலவு மறுபடி வரும். 1,08,000 கி.மீ. ஓடி, கடற்காற்றில் நின்ற வண்டி என்பதால், என் வண்டியாக இருந்தால் இரண்டையும் மாற்றிவிடுவேன். ரேக் எண்டுகளையும் அதே நேரத்தில், உறையைத் தளர்த்தி நேரில் பார்க்கச் சொல்லுங்கள். திறந்த பிறகு பார்ப்பதற்குத் தனிச் செலவில்லை.

பட்டறைக்கு நீங்கள் ஓட்டிச் செல்ல வேண்டாம். உறைக்குள் துருப்பொடியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குண்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை நான் இங்கிருந்து ஊகிக்க விரும்பவில்லை. டை ராட் எண்ட் மாற்றுவது வாசலிலேயே முடியும் வேலை. ஜாக்கி ஸ்டாண்ட் கொடுத்த அந்த மெக்கானிக்கையே புதிய பாகங்களோடு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். மறையை எண்ணி ஏற்றிய பிறகு, மெதுவாக அலைன்மெண்ட் கடைக்கு ஓட்டிச் செல்லலாம். மூட்டின் கூம்பு வடிவத் தண்டு நக்கிளில் இறுகப் பிடித்திருக்கும். அதை எடுக்க நட்டின் தலையில் சுத்தியால் அடிக்கக் கூடாது, நக்கிளின் கண் பகுதியின் பக்கவாட்டில்தான் அடிக்க வேண்டும். மூட்டை இழுத்துக் கழற்றும் புல்லர் கருவி இருந்தால் அதுவே சிறந்தது. டை ராட் எண்டை நகராமல் பூட்டும், உப்புக்காற்றுத் துரு பிடித்த லாக் நட்டுக்கு முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் தெளித்து வையுங்கள்.


ஒற்றியூர் ஆசிரியை எழுதியது:

நான்கு பாகங்களும் வந்துவிட்டன. மெக்கானிக் நாளை காலை ஏழு மணிக்கு வருகிறார். பள்ளிக்குப் பேருந்தில் போகிறேன். லாக் நட்டுகளுக்கு இப்போதுதான் தம்பி எண்ணெய் தெளித்துவிட்டு வந்தான். வலது பக்கத்தில் ஒன்பது மறைகள் வெளியே தெரிகின்றன, இடது பக்கத்தில் பதினொன்று. சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.